பைக் டயருக்கு எவ்வளவு காற்று வைப்பது? புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பைக் டயருக்கு எவ்வளவு காற்று வைக்கணும் என்று நாலு பேரிடம் கேட்டால் நாலு எண் சொல்வார்கள். நானும் அப்படிக் கேட்டு அலைந்தவன்தான். மெக்கானிக் ஒன்று சொன்னார். காற்று அடிப்பவர் எந்த வண்டி என்றுகூடப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்றார். டயரின் மேலேயே வேறொரு எண் அச்சாகி இருந்தது. எதை நம்புவது என்று தெளிவாகவே கொஞ்ச காலம் ஆனது.

உங்கள் பைக்குக்கான எண்ணைத் தயாரித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் தேடி எடுப்பது சுலபம். சரியான நேரத்தில், நம்பகமான கேஜால் (காற்றழுத்தத்தை அளக்கும் கருவி) அளந்து அந்த எண்ணை டயருக்குள் கொண்டுவருவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அதனால் இங்கே அந்தப் பகுதியைத்தான் விரிவாக எழுதியிருக்கிறேன்.

1. உங்கள் வண்டிக்கான எண்ணைக் கண்டுபிடியுங்கள்

முதலில் பார்க்க வேண்டியது பைக்கில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மிலோ செயின் கவரிலோ இருக்கும். சில வண்டிகளில் சீட்டுக்கு அடியில் இருக்கும். சேறும் செயின் எண்ணெயும் படிந்து மறைந்திருக்கலாம், துணியால் துடைத்துப் பாருங்கள். ஸ்டிக்கர் இல்லையென்றால் வண்டியோடு வந்த கையேட்டில் டயர் பற்றிய பக்கத்தைப் பாருங்கள். பழைய வண்டி வாங்கியவர்களிடம் கையேடு இருக்காது. பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் கையேட்டை இலவசமாகவே கொடுக்கின்றன. உங்கள் மாடலும் தயாரிப்பு ஆண்டும் பொருந்துகிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஒரே பெயரில் வரும் வண்டிக்கு அடுத்த ஆண்டு டயர் அளவு மாறியிருக்கலாம், அப்போது காற்றின் அளவும் மாறும்.

முன் டயருக்கு ஒன்று, பின் டயருக்கு ஒன்று என இரண்டு எண் இருக்கும். பல வண்டிகளில் தனியாக ஓட்டும்போது ஒரு ஜோடி, பின்னால் ஆள் உட்காரும்போது இன்னொரு ஜோடி என நான்கு எண் இருக்கும். நான்கையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காற்று அடிக்கும் இடத்தில் போய் நின்றுகொண்டு நினைவிலிருந்து சொல்லும்போதுதான் முன் எண்ணும் பின் எண்ணும் இடம் மாறிப்போகும்.

அலகிலும் குழப்பம் வரும். பிஎஸ்ஐ, பார், கிலோபாஸ்கல், சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ என்று நான்கு விதமாக எழுதுவார்கள். 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 14.5 பிஎஸ்ஐ. சதுர செ.மீ.க்கு 1 கிலோ என்பது சுமார் 14.2 பிஎஸ்ஐ. 200 கிலோபாஸ்கல் என்று எழுதியிருந்தால் 29 பிஎஸ்ஐ, 225 என்றால் 33, 250 என்றால் 36, 290 என்றால் 42. பைக் ஸ்டிக்கர்களில் அடிக்கடி வருகிற எண்கள் இவைதான்.

நீங்கள் கண்டுபிடித்த எண் நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க ஒரு தோராய அளவு: சிறிய பைக்குகளில் முன்னால் 25 பிஎஸ்ஐயை ஒட்டியும், பின்னால் 28 முதல் 33 வரையும் இருப்பது வழக்கம். பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் முன் 36, பின் 42 என்பதை நிறையப் பார்க்கலாம். இதை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காற்று அடிக்க ஸ்டிக்கரில் இருப்பதுதான் கணக்கு.

2. டயரின் மேல் அச்சான எண்ணை வைத்துக் காற்று அடிக்காதீர்கள்

புதியவர்களில் பலரும் விழுகிற குழி இது. டயரின் பக்கவாட்டில் இத்தனை கிலோ, இத்தனை பிஎஸ்ஐ என்று பொறித்திருக்கும். அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்சச் சுமையையும், அந்தச் சுமையைத் தாங்குவதற்கு அதற்குள் இருக்க வேண்டிய அழுத்தத்தையும் அது சொல்கிறது. டயர் தயாரித்தவருக்கு அது எந்த வண்டியில் மாட்டப்படும் என்று தெரியாது. எடை குறைந்த பைக்கிலும் மாட்டலாம், பெட்டி கட்டிய கனமான பைக்கிலும் மாட்டலாம். உங்கள் வண்டியின் எடை, அந்த எடை முன்னும் பின்னும் பிரிகிற விதம், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் வைத்து எண்ணைத் தீர்மானித்தது பைக் நிறுவனம்.

சுமையைத் தாங்குவது ரப்பரைவிட உள்ளே இருக்கும் காற்றுதான். தேவைக்கு மேல் காற்று அடைத்தால் டயர் உப்பி, தரையைத் தொடும் பகுதி சிறுத்துப்போகும். நடுப்பகுதி மட்டும் தேயும், சிறு கல்லுக்கும் வண்டி துள்ளும், ஈரத்தில் பிடிமானம் குறையும். காற்று குறைந்தால் வருவது இதைவிடப் பெரிய ஆபத்து. பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி விரிவதால் சூடேறும். அந்தச் சூடு அளவு மீறினால் டயர் உள்ளுக்குள்ளேயே பிரிந்துபோகும். அதோடு ஹேண்டில் கனக்கும், வளைவில் வண்டி தயங்கித் தயங்கித் திரும்பும், பள்ளத்தில் இறங்கினால் ரிம் நசுங்கும், எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். டியூப் டயராக இருந்தால் ரிம்மின் மேல் டயர் மெல்ல வழுக்கி நகர்ந்து, கூடவே டியூபையும் இழுத்து வால்வை அடியோடு பிய்த்துவிடும்.

3. சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள்

இந்த வேலைக்குக் கட்டாயம் செலவு செய்ய வேண்டியது இதற்கு மட்டும்தான். ஒரு டயரின் விலையோடு ஒப்பிட்டால் சிறு தொகை. காற்று குறைந்து ஓடி, பாதி ஆயுளில் தேய்ந்துபோகும் ஒரு டயரைக் காப்பாற்றினாலே போட்ட பணம் திரும்ப வந்துவிடும்.

மூன்று வகை கிடைக்கும். பேனா மாதிரி குச்சி நீண்டு வருவது மலிவு, பாக்கெட்டில் அடங்கும், ஆனால் நுணுக்கமாகப் படிப்பது கஷ்டம். முள் உள்ள வட்ட கேஜுக்கு பேட்டரி வேண்டாம், கீழே போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டிஜிட்டல் கேஜ் படிக்கச் சுலபம், பேட்டரி தீரும்போது தப்பாகக் காட்டக்கூடும். எனக்கு முள் கேஜ்தான் பிடித்திருக்கிறது. வாங்கும்போது முள் எங்கே வரை போகிறது என்று பாருங்கள். 30 பிஎஸ்ஐ அளக்க 150 வரை காட்டும் கேஜ் எதற்கு? முள் கேஜ்கள் பொதுவாக நடுப்பகுதியில்தான் நன்றாக அளக்கும், 60 வரை காட்டுவது பைக்குக்கு வசதி. கூடுதல் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்ற ஒரு பொத்தான் இருந்தால் வேலை பாதியாகும். குட்டையான வளையும் குழாய் உள்ளதாகப் பாருங்கள். பின் சக்கரத்தில் டிஸ்க்கும் செயின் சக்கரமும் இடைஞ்சல் செய்வதால் நேரான கேஜ் உள்ளே நுழையாது.

பொதுவில் இருக்கும் காற்று இயந்திரங்களின் மீட்டரை நான் நம்புவதில்லை. தினமும் பல பேர் இழுத்துப்போட்டுப் பயன்படுத்துவது அது. காற்று அடைக்க மட்டும் அதை வைத்துக்கொண்டு, அளப்பதை உங்கள் கேஜில் செய்யுங்கள். கேஜை அவ்வப்போது மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் கேஜ் ஒரு பிஎஸ்ஐ கூடக்குறையக் காட்டினாலும் எப்போதும் ஒரே மாதிரி காட்டினால், போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் இடையே என்ன மாறியது என்பதாவது தெரியும்.

4. டயர் ஆறியிருக்கும்போது அளவெடுங்கள்

ஸ்டிக்கரில் இருக்கும் எண் ஆறிய டயருக்கானது. வண்டி நின்று குறைந்தது 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது அதன் பிறகு மெதுவாக ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பு அளப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. நிழலில் நிற்கும் வண்டியாக இருக்கட்டும். ஒரு டயரில் மட்டும் வெயில் அடித்துக்கொண்டிருந்தால் அந்த டயர் மட்டும் கூடுதலாகக் காட்டும்.

ஓட ஓட டயர் சூடாகி உள்ளே அழுத்தம் கூடும். சாதாரணச் சாலை ஓட்டத்திலேயே 3, 4 பிஎஸ்ஐ ஏறுவது இயல்பு. அந்த ஏற்றத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் நிறுவனம் எண்ணைக் கொடுத்திருக்கிறது. அதனால் நீண்ட ஓட்டத்துக்கு நடுவில் நிறுத்தி அளந்து, அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்கவே கூடாது. இறக்கினால் டயர் ஆறிய பிறகு தேவையைவிடக் குறைந்து நிற்கும். மறுநாள் அப்படியே கிளம்பினால் முன்னே சொன்ன சூட்டுப் பிரச்சினை தொடங்கிவிடும்.

சரி, வீட்டில் பம்ப் இல்லை, காற்று அடிக்கும் இடமோ தூரத்தில் இருக்கிறது, அங்கே போய்ச் சேருவதற்குள் டயர் சூடாகிவிடுமே? அதற்கு வழி இருக்கிறது. காலையில் வீட்டிலேயே அளந்து எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின் டயருக்கு 33 வேண்டும், 28 காட்டுகிறது என்றால் 5 குறைகிறது. காற்று அடிக்கும் இடத்தில் மறுபடி அளங்கள். சூட்டினால் இப்போது 31 காட்டலாம். அந்த 31 உடன் 5 சேர்த்து 36 வரை அடித்துக்கொள்ளுங்கள். ஆறிய பிறகு 33க்கு மிக அருகில் வந்து நிற்கும். மறுநாள் காலை சரிபார்த்து, கூடுதலாக இருந்தால் கேஜின் பொத்தானை அழுத்தி இறக்கிக்கொள்ளலாம். நிச்சயம் இல்லாதபோது ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூட அடித்துவிட்டு வீட்டில் இறக்குவதுதான் வசதி. இறக்க பம்ப் தேவையில்லை.

5. அளக்கும் முறை

வால்வு கைக்கு வசதியாக வரும்வரை சக்கரத்தை உருட்டுங்கள். டயருக்குள் பஞ்சர் தடுக்கும் திரவம் ஊற்றியிருந்தால் வால்வு மேல்பக்கமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் திரவம் கேஜுக்குள் ஏறிவிடும். மூடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போடுங்கள், தரையில் வைத்தால் மண் ஒட்டும். கேஜை நேராக, ஒரே அழுத்தாக அழுத்துங்கள். உஸ் என்று சத்தம் நீடித்தால் சரியாகப் பொருந்தவில்லை, அந்த அளவை எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு முறை அளந்து இரண்டும் ஒத்துவந்தால் நம்பலாம்.

கேஜை எடுத்த பிறகு வால்வு வாயில் சோப்பு நீர் ஒரு துளி வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு ஊசி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கென இருக்கும் சிறு சாவியால் இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும், இல்லையென்றால் ஊசியை மட்டும் மாற்றலாம், மிக மலிவான பொருள். மூடியை மறக்காமல் போடுங்கள். தூசியைத் தடுப்பதோடு, ஊசி லேசாகக் கசிந்தாலும் உள்ளே ரப்பர் வளையம் உள்ள மூடி காற்றைப் பிடித்து வைக்கும். கை நுழையாத இடத்துக்காக வளைந்த இணைப்பு ஒன்று விற்கிறார்கள், வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் காற்று அடித்தவுடன் கழற்றிவிடுங்கள். அதை மாட்டியபடியே வேகமாக ஓட்டினால் சுழற்சியின் இழுப்பில் வால்வு வளைந்து காற்று இறங்க வாய்ப்புண்டு.

இரண்டு டயருக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகாது.

6. சுமை ஏறினால் பின் டயரைக் கவனியுங்கள்

பின்னால் உட்காருபவரின் எடையில் பெரும்பகுதி பின் சக்கரத்தின் மேல் விழுகிறது, பெட்டிகளின் எடையும் அப்படியே. அதனால்தான் ஸ்டிக்கரில் இரண்டாவது ஜோடியில் பின் டயரின் எண் 4, 5 பிஎஸ்ஐ கூடுதலாகவும், முன் டயரின் எண் மாறாமலோ கொஞ்சமே கூடியோ இருக்கும். வாரம் முழுக்கத் தனியாக ஓட்டிவிட்டு, விடுமுறையில் குடும்பத்தோடு கிளம்பும்போது இதைச் சரிசெய்யாமல் போகிறவர்கள்தான் அதிகம். கிளம்புவதற்கு முந்தின நாளே செய்துவிடுங்கள். திரும்பி வந்த பிறகு பழைய எண்ணுக்கு இறக்குங்கள். தனியாக ஓட்டும்போது அந்தக் கூடுதல் காற்று பின் டயரின் நடுவை மட்டும் தேய்க்கும்.

ஸ்டிக்கரில் ஒரே ஒரு ஜோடிதான் இருக்கிறதென்றால் எல்லாச் சுமைக்கும் அதுவே. எடையையும் கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காற்றைக் கூட்டிவிட்டு எடையையும் வரம்பு மீறி ஏற்றலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பிரேக், சஸ்பென்ஷன், ரிம் எதற்கும் அது பொருந்தாது.

7. எப்போதெல்லாம் பார்க்க வேண்டும்

எந்தக் குறையும் இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஒன்று, இரண்டு பிஎஸ்ஐ தானாக இறங்கும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் இன்னொரு ஒன்றரை பிஎஸ்ஐ போகும். கோடையில் சரியாக அடித்து வைத்த டயர், தொடாமலே விட்டால் குளிர்காலக் காலையில் 4, 5 குறைந்து நிற்பது இதனால்தான். தினமும் ஓட்டுபவர்கள் வாரம் ஒரு முறை பாருங்கள். எப்போதாவது எடுப்பவர்கள் எடுக்கும்போதெல்லாம் பாருங்கள். நீண்ட பயணத்தில் தினமும் காலையில்.

கண்ணால் பார்த்தோ கட்டைவிரலால் அழுத்தியோ சொல்ல முடியாது. பைக் டயரின் பக்கச் சுவர் விறைப்பானது, 8 பிஎஸ்ஐ குறைந்தாலும் பார்வைக்கு நன்றாகத்தான் தெரியும்.

மலை ஏறுபவர்களுக்கு ஒரு குறிப்பு. 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் ஒன்றரை பிஎஸ்ஐ அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். மேலே குளிரும் என்பதால் பாதிக்கு மேல் சமனாகிவிடும். ஒரு நாள் பயணத்துக்கு எதையும் மாற்ற வேண்டாம். மேலே சில நாள் தங்கினால் அங்கே காலையில் ஸ்டிக்கர் எண்ணுக்குச் சரிசெய்து, இறங்கியதும் மறுபடி பாருங்கள்.

வண்டியிலேயே அழுத்தம் காட்டும் அமைப்பு இருந்தால் நல்லது. சில அமைப்புகள் டயரின் சூட்டைக் கழித்து 20 டிகிரிக்கான அளவைக் காட்டும், அதனால் உங்கள் கேஜோடு ஒத்துப்போகாது. கையேட்டில் அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

8. மழைக்கும் மணலுக்கும்

மழைக்காலத்தில் காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்று சொல்வார்கள். சாலையில் அதைச் செய்யாதீர்கள். சரியான அழுத்தம் இருந்தால்தான் டயரின் பள்ளங்கள் விரிந்து நின்று தண்ணீரை வெளியே தள்ளும். அழுத்தம் குறையக் குறைய, தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைகிறது.

மணலும் சேறும் வேறு கதை. அங்கே காற்றைக் குறைத்தால் டயர் பரந்து புதையாமல் போகும். கனமான சாகச பைக்கில் 20ஐ ஒட்டி இறக்குவார்கள், இலகுவான மண்பாதை பைக்கில் 15க்குக் கீழும் போவார்கள். மெதுவான வேகத்துக்கு மட்டும்தான் இது பொருந்தும். கற்கள் நிறைந்த பாதையில் ரிம் அடிபடும். திரும்ப அடிக்கக் கையில் பம்ப் இருந்தால்தான் இறக்குங்கள், தார்ச்சாலை தொடங்கும் இடத்திலேயே நிறுத்தி அடியுங்கள்.

9. டயர் மாற்றினாலும் பஞ்சர் ஒட்டினாலும் மறுபடி அளங்கள்

டியூப்லெஸ் டயரை ரிம்மின் விளிம்பில் உட்காரவைக்கக் கடைக்காரர் வழக்கத்தைவிட அதிகக் காற்றை அடிப்பார். உட்கார்ந்த பிறகு இறக்க வேண்டும். எனக்கு டயர் மாட்டிய இடத்தில் இறக்காமலே வண்டியைக் கொடுத்துவிட்டார்கள், கேஜ் கையில் இருந்ததால் அங்கேயே தெரிந்தது. புது டயரின் மேல்பரப்பு ஏற்கெனவே வழுக்கும், அதோடு காற்றும் மிகுந்திருந்தால் முதல் வளைவே ஆபத்து. கடையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு முறையும், மறுநாள் காலை ஒரு முறையும் அளங்கள்.

வேறு நிறுவனத்தின் டயர் என்றாலும் அளவு அதுவே என்றால் ஸ்டிக்கர் எண்தான். அளவையே மாற்றினால் ஸ்டிக்கர் பொருந்தாமல் போகலாம், டயர் நிறுவனம் உங்கள் மாடலுக்கு என்ன பரிந்துரைக்கிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுமைக் குறியீடு, அதாவது டயர் தாங்கும் அதிகபட்ச எடையைக் குறிக்கும் எண், பழைய டயரைவிடக் குறையக் கூடாது. 58 என்றால் 236 கிலோ, 66 என்றால் 300 கிலோ, 73 என்றால் 365 கிலோ.

நைட்ரஜன் அடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கொஞ்சம் மெதுவாக இறங்கும், ஈரப்பதம் இருக்காது, அவ்வளவே. சூட்டில் இதுவும் ஏறத்தான் செய்யும், வாராவாரம் அளப்பதும் தேவைதான். இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள், காசு கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். நைட்ரஜன் உள்ள டயரில் சாதாரணக் காற்றைக் கலந்தால் ஒன்றும் ஆகாது.

10. காற்று வழக்கத்தைவிட வேகமாக இறங்கினால்

வாரத்துக்கு 3 பிஎஸ்ஐக்கு மேல் போகிறதென்றால் எங்கோ கசிகிறது. முதலில் வால்வு வாய், அடுத்து வால்வின் அடிப்பகுதி, பிறகு டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு, கடைசியாகத் தேயும் பரப்பு முழுக்க எனச் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். ரப்பர் வால்வை விரலால் லேசாக வளைத்தால் அடியில் வெடிப்பு தெரியும். ஒவ்வொரு முறை டயர் மாற்றும்போதும் வால்வையும் புதிதாகப் போடச் சொன்னால் இந்தத் தொல்லை வராது. விளிம்பில் கசிந்தால் ரிம் நசுங்கியிருக்கலாம் அல்லது துரு படிந்திருக்கலாம், டயரைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தியிருப்பது தெரிந்தால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். அது இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் போகும். தேவையான அளவு அடித்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, பஞ்சர் கடைவரை போய் அங்கே பிடுங்கச் சொல்லுங்கள். ஆணி பக்கச் சுவரில் குத்தியிருந்தால் ஒட்டி ஓட்டக் கூடாது, டயரையே மாற்ற வேண்டும்.